மாப்பிள்ளைச் சம்பாவும் சோறுதான்

ரெண்டு மாசமா இந்தப் பக்கம் எட்டிப் பார்க்க முடியலை. சம்பா நடவு, அது முடியறதுக்குள்ள ஐப்பசி மழை, வடிகால் வெட்டுறதுன்னு நாள் ஓடிப்போச்சு. இப்பதான் கொஞ்சம் மூச்சு விட நேரம் கிடைச்சிருக்கு.

போன வாரம் சென்னையிலேர்ந்து ஒரு தம்பி போன் பண்ணினார். என்கிட்ட ரெண்டு மூணு தடவை அரிசி வாங்கினவர்தான். "அண்ணே, மாப்பிள்ளைச் சம்பா சாப்பிட்டா வெயிட் குறையுமாமே? வீட்டுல நாலு பேருமே பெருத்துப் போயிட்டோம். மூணு வேளையும் அதையே சாப்பிடலாம்னு இருக்கோம். ஒரு 25 கிலோ போட்டு விடுங்கண்ணே"ன்னார்.

"குறையாது தம்பி"ன்னு சொல்லிட்டேன்.

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. இந்தப் பக்கம் திண்ணையில கீரை ஆய்ஞ்சுகிட்டிருந்த வீட்டுக்காரம்மா நிமிர்ந்து ஒரு பார்வை பார்த்தாங்க. உள்ள மூணு மூட்டை விக்காம கிடக்கு. போனை வெச்சதும், "விக்கிற பொருளை யாராச்சும் இப்படிச் சொல்லுவாங்களாங்க?"ன்னு ஆரம்பிச்சாங்க. அவங்க கேட்டதுல நியாயம் இருக்கு. ஆனா நான் சொன்னதும் பொய்யில்லை. அதை விளக்கமா சொல்லத்தான் இந்தப் பதிவு.

மாப்பிள்ளைச் சம்பாவை நான் அரை ஏக்கர்ல விடாம போடுறேன். வயல்ல ஆளுயரம் நிக்கிற அழகு, மழையில தண்ணி நின்னாலும் தாங்குற குணம், வாயில மென்னு திங்குற ருசி, எல்லாம் பிடிச்சுதான் போடுறேன். பட்டை தீட்டாத அரிசிங்கறதால நார்ச்சத்து கூட இருக்கு. ஆனா அது மருந்து இல்லை. ஹைதராபாத்துல இருக்கிற தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017ல ஒரு அட்டவணை வெளியிட்டுச்சு. அதுப்படி 100 கிராம் வெள்ளை அரிசியில மாவுச்சத்து 78 கிராம். தீட்டாத அரிசியில 75. சோளத்துல 68, கேழ்வரகுல 67, கோதுமை மாவுல 64, கம்புல 62. வித்தியாசம் இருக்கு, இல்லைன்னு சொல்லலை. ஆனா மூணு வேளையும் தட்டு நிறையப் போட்டுகிட்டு, "நான் சிறுதானியத்துக்கு மாறிட்டேன்"னு சொல்றவங்களைப் பார்த்தா எனக்குச் சிரிப்புதான் வரும். சட்டையை மாத்திட்டு ஆளே மாறிட்டேன்னு சொல்ற மாதிரி.

2025ல இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலோட பெரிய ஆய்வு ஒண்ணு வெளிவந்துச்சு. நாடு முழுக்க நாம சாப்பிடுற மொத்த கலோரியில 62 சதவீதம் மாவுச்சத்துலேர்ந்துதான் வருதாம். அதுல எனக்கு முக்கியமாப் பட்டது வேற. மொத்த மாவுச்சத்தைக் குறைக்காம, வெள்ளை அரிசிக்குப் பதிலா முழுக்கோதுமையோ சிறுதானியமோன்னு மாத்தினா மட்டும் சர்க்கரை நோய் வர்ற வாய்ப்பு குறையலையாம். அதுல ஒரு பங்கைக் குறைச்சு அந்த இடத்துல பருப்பு, பயறு, பால், தயிர்னு புரதத்தை வெச்சாதான் குறையுதாம். அரிசியோட ஜாதகத்தைப் பார்க்கறதை விட அளவைப் பார்க்கணும்னு நான் பட்டுத் தெரிஞ்சுகிட்டதுக்கு இது ஒத்துப்போச்சு.

எப்படிப் பட்டேன்னு சொல்லணுமே.

எட்டு வருஷத்துக்கு முன்னாடி ஒரு நாள் களத்துல நெல்லு எடை போட்டுகிட்டிருந்தோம். சும்மா விளையாட்டுக்குத் தராசுல ஏறி நின்னேன். 92 கிலோ. "அண்ணன் ஒன்றரை மூட்டை"ன்னு மூட்டை தூக்குற பையன் ஒருத்தன் சொல்ல, எல்லாரும் சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன். அடுத்த வாரம் ரத்தம் கொடுத்துப் பார்த்தா மூணு மாச சர்க்கரை 6.2. இன்னும் நோய் இல்லை, ஆனா வாசப்படியில நிக்குதுன்னு டாக்டர் சொன்னாங்க. எங்க அப்பாவுக்குச் சர்க்கரையில கால் விரல் ரெண்டு போனது எனக்குத் தெரியும். அன்னைக்கு ராத்திரி தூக்கம் வரலை.

அப்போ தமிழ்நாடே பேலியோ, பேலியோன்னு பேசிகிட்டிருந்த நேரம். நானும் இறங்கினேன். காலையில நூறு பாதாம், மத்தியானம் கறி, ராத்திரி முட்டை, வெண்ணெய் போட்ட டீ. சோறு, இட்லி, தோசை எதுவும் கிடையாது. முதல் வாரமே மூணரை கிலோ இறங்கிச்சு. எனக்குத் தலைகால் புரியலை. அதுல பெரும்பங்கு தண்ணீங்கறது பின்னாடிதான் தெரிஞ்சுது. உடம்பு சேமிச்சு வெச்சிருக்கிற சர்க்கரை ஒவ்வொரு கிராமும் கூடவே மூணு கிராம் தண்ணியைப் பிடிச்சு வெச்சிருக்குமாம். சோத்தை நிறுத்தினதும் சேமிப்பு கரையுது, தண்ணியும் சேர்ந்து வெளியேறுது. நாலு மாசத்துல 79 கிலோவுக்கு வந்துட்டேன். பேலியோ வேலை செய்யலைன்னு நான் சொல்லவே மாட்டேன். நல்லாவே வேலை செஞ்சுது.

ஆனா நீடிக்கலை.

காரணம் நாக்கு மட்டும் இல்லைங்க. பாதாமுக்கே ஒரு நாளைக்கு நூறு ரூபாய் கிட்ட ஆச்சு. அதை விடக் கொடுமை, பயறு, பருப்பு, நிலக்கடலை எல்லாமே அந்த முறையில தடை. என் கொல்லையில காய்க்கிற மொச்சை ஆகாது, என் வயல்ல விளையுற உளுந்து ஆகாது, கலிஃபோர்னியாவுல விளைஞ்சு கப்பல்ல வர்ற பாதாம் ஆகும். ஒரு விவசாயி இதை எத்தனை நாளைக்கு மென்னு முழுங்க முடியும்? போதாததுக்கு எங்க அம்மா. "நெல்லு விளையுற வீட்டுல புள்ளை சோத்தைத் தொட மாட்டேங்குறானே"ன்னு அக்கம்பக்கத்துல சொல்லி அழுதுகிட்டே இருந்தாங்க. பொங்கல் வந்துச்சு. புது அரிசிப் பொங்கலை இலையில வெச்சுட்டு என் முகத்தையே பார்த்துகிட்டு நின்னாங்க. சாப்பிட்டேன். ஒரு நாள்தானேன்னு நெனச்சது ஒரு வாரம் ஆச்சு, அப்புறம் பழைய கதை. பத்து மாசத்துல 93. இறங்கினதுக்கு மேல ஒரு கிலோ வட்டி.

அதுக்கப்புறம் ரெண்டு வருஷம் தராசுப் பக்கமே போகலை. 2020 ஊரடங்குல வீட்டோட கிடந்தப்பதான் மறுபடி யோசிக்க ஆரம்பிச்சேன்.

எங்க அப்பா காலத்துல ஆளுக்கு அரைப்படி அரிசி கணக்கு. எங்க ஊர்ப் படியில அது ஏறக்குறைய அரைக் கிலோ. அந்த மனுஷன் விடிய நாலு மணிக்கு ஏர் பூட்டி, வரப்பு வெட்டி, நாத்துக் கட்டு சுமந்து, பொழுது சாய வீட்டுக்கு வருவார். அரைப்படி சோறும் மத்தியானத்துக்குள்ள கரைஞ்சிடும். அவருக்கே பின்னாடி சர்க்கரை வந்துச்சு. வயலை என்கிட்ட விட்டுட்டுத் திண்ணையில உட்கார்ந்த பிறகு வந்துச்சு. நான் என்ன செய்யறேன்? உழவுக்கு டிராக்டர், நடவுக்கு மெஷின், அறுப்புக்கு மெஷின். உர மூட்டையைக் கூட டிவிஎஸ் எக்ஸ்எல்லுல வெச்சு வரப்போரம் வரைக்கும் கொண்டு போயிடுறேன். வேலையெல்லாம் மெஷினுக்குப் போயிடுச்சு, உலையில போடுற அரிசி மட்டும் அப்பா காலத்து அளவுலயே இருந்துச்சு. "நம்ம முன்னோர் மூணு வேளையும் சோறு தின்னுட்டு நல்லாத்தானே இருந்தாங்க"ன்னு வாட்ஸ்அப்புல அனுப்புறவங்க, தின்னுட்டு அவங்க என்ன செஞ்சாங்கங்கறதையும் சேர்த்து அனுப்பினா நல்லது. ஏசி ரூம்ல எட்டு மணி நேரம் உட்கார்ந்திருக்கிற உங்களுக்கு அந்தக் கணக்கு எனக்கு ஆகாததை விடவும் ஆகாது.

மாடு வளர்க்கிறவங்களுக்கு ஒண்ணு தெரியும். கல்யாண வீட்டுல மிஞ்சின சோத்தை வீணாப் போகுதேன்னு மாட்டுக்கு வாளி வாளியா வெச்சா, மறுநாள் வயிறு உப்பிக் கால் நீட்டிப் படுத்திடும். டாக்டர் வர்றதுக்குள்ள செத்த மாடும் உண்டு. புல்லும் வைக்கோலும் அரைக்கிற வயித்துல திடீர்னு அவ்வளவு மாவு போனா புளிச்சு அமிலமாயிடுது. ஆட்டுக்கிடாயைச் சந்தைக்குக் கொழுக்க வைக்கணும்னா ஓடவிடாம கட்டிப் போட்டு மக்காச்சோளம் வைப்போம். மனுஷன் ஆடு மாடு இல்லைதான், நமக்கு அந்த வயிறும் கிடையாது. ஆனாலும் கட்டிப் போட்டு மாவு கொடுத்தா என்ன ஆகும்னு வாழ்க்கை முழுக்கப் பார்த்தவன், என் தட்டைப் பார்க்க மறந்துட்டேனேன்னு இருந்துச்சு.

ரெண்டாவது தடவை எதையும் தடை செய்யலை. ஒரே ஒரு கேள்விதான் கேட்டுகிட்டேன்: இன்னும் பத்து வருஷம் கழிச்சும், அறுப்பு நாள்லயும் கல்யாண வீட்டுலயும், இதை என்னால சாப்பிட முடியுமா? முடியாதுன்னா அதை ஆரம்பிக்கறதே இல்லை.

முதல்ல டீயில கை வெச்சேன். வயலுக்கும் கடைத்தெருவுக்குமா ஒரு நாளைக்கு ஆறு டீ. ஒவ்வொண்ணுலயும் ரெண்டு ஸ்பூன் சர்க்கரை. ஐம்பது கிராமுக்கு மேல சர்க்கரையைக் குடிச்சுகிட்டே இருந்திருக்கேன். அதை ரெண்டு டீயாக்கி, சர்க்கரையை அரை ஸ்பூனுக்குக் கொண்டு வந்து, மத்த நேரம் உப்புப் போட்ட மோர். இதுக்கே மூணு மாசம் எடுத்துகிட்டேன். அப்புறம்தான் சோத்துப் பக்கம் வந்தேன்.

எங்க பக்கத்துல காய்கறிக்குப் பேரே "தொட்டுக்க". சாப்பாடுன்னா சோறு, மத்ததெல்லாம் அதைத் தொட்டுக்க. அந்தச் சொல்லுலயே நம்ம கதை இருக்குங்க. நான் செஞ்சது அதைத் திருப்பிப் போட்டது மட்டும்தான். இப்ப எனக்குக் காயும் மீனும்தான் சாப்பாடு, சோறு தொட்டுக்க. காலையில ரெண்டு மூணு அவிச்ச முட்டை, இல்லைன்னா ஒரு கிண்ணம் பாசிப்பயறு சுண்டல், கூட ஏதாவது கீரை. மத்தியானம் ரெண்டு கரண்டி சோறு, கெண்டையோ விராலோ போட்ட குழம்பு, ரெண்டு பங்கு பொரியல், மோர். பொரியலை முதல்ல சாப்பிட்டுட்டுதான் சோத்துல கை வைக்கிறது. சாயங்காலம் பசிச்சா ஒரு கைப்பிடி அவிச்ச கடலை. ராத்திரி பருப்பு தூக்கலா அரைச்ச அடை ரெண்டு, இல்லைன்னா வெங்காயம், முருங்கைக்கீரை போட்ட முட்டைத் தோசை, அதுவும் எட்டு மணிக்குள்ள. அசைவம் சாப்பிடாதவங்க முட்டை, மீன் இருக்கிற இடத்துல பனீர், கெட்டித் தயிர், சுண்டல்னு வெச்சுக்கலாம். கஷ்டம்தான், ஆனா முடியும்.

கடலையில ஒரு எச்சரிக்கை. புரதம் இருக்குன்னு பக்கத்துல தட்டு நிறைய வெச்சுகிட்டு டிவி பார்த்தா, சோத்துல குறைச்சதெல்லாம் கடலையில ஏறிடும். 100 கிராம் கடலையில 500 கலோரிக்கு மேல. மாவுச்சத்து கம்மிங்கற ஒரே காரணத்துக்காக நெய்யையும் வெண்ணெயையும் கணக்கில்லாம ஊத்திக்கலாம்னு நெனச்சதும் நான் முதல் தடவை பண்ணின தப்புல ஒண்ணு. அப்புறம் பழைய சோறு. ஆறின சோத்துல மாவுச்சத்து கொஞ்சம் சுலபமா செரிக்காத வடிவத்துக்கு மாறுதுங்கறது உண்மைதான். அதுக்காகக் குண்டான் குண்டானா பழையது குடிச்சா இடுப்பு சுருங்காது. பிடிச்சா குடிங்க, அளவா.

93லேர்ந்து 78க்கு வர ரெண்டு வருஷம் ஆச்சு. மாசத்துக்கு அரைக் கிலோ, முக்கால் கிலோ. சில மாசம் ஒண்ணுமே இறங்காது. ஆனா அதுக்கப்புறம் மூணு பொங்கல் போயிடுச்சு, 77க்கும் 79க்கும் நடுவுலயே நிக்குது. சர்க்கரை 5.6. பொங்கலன்னைக்கு வயிறு முட்ட சாப்பிடுறேன். மறுநாள் காலையில முட்டைக்கு வந்துடுறேன். பேலியோ சமயத்துல பொங்கல் சாப்பிட்டது விரதம் முறிஞ்ச மாதிரி இருந்துச்சு. இப்ப முறியறதுக்கு எந்த விரதமும் இல்லை.

இதுக்கு ஒத்துப்போற ஒரு ஆராய்ச்சியையும் படிச்சேன். 2018ல அமெரிக்காவுல ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்துக்காரங்க 609 பேரை எடுத்து, பாதிப் பேருக்கு மாவுச்சத்தையும் பாதிப் பேருக்குக் கொழுப்பையும் குறைக்கச் சொன்னாங்க. ஒரு வருஷம் கழிச்சுப் பார்த்தா மாவுச்சத்துக் கட்சி சராசரியா 6 கிலோ, கொழுப்புக் கட்சி 5.3 கிலோ. பெரிய வித்தியாசம் ஒண்ணும் இல்லை. ரெண்டு கட்சிக்கும் பொதுவாச் சொன்னது சர்க்கரை, மைதா வேண்டாம், காய்கறி நிறைய வேணும்ங்கறதுதான். எனக்குப் பிடிச்சது அவங்க செஞ்ச முறை. மாவுச்சத்தை முதல்ல நாளைக்கு 20 கிராம் வரைக்கும் இறக்கச் சொல்லிட்டு, அப்புறம் மெதுவா கூட்டிகிட்டே போய், "காலம் பூரா இதுல என்னால இருக்க முடியும்"னு அவங்கவங்களுக்குத் தோணுற இடத்துல நிக்கச் சொன்னாங்க. வருஷக் கடைசியில அவங்க நின்ன இடம் சராசரியா 130 கிராம். என் தட்டும் அதுக்குக் கொஞ்சம் மேலதான் இருக்கு. ஆக, சோறு விஷம்னு சொல்ற கட்சியிலயும் நான் இல்லை. பத்து வருஷம் தாங்குற 130 கிராம், நாலு மாசத்துல முறியற 20 கிராமை விட மேலுன்னு சொல்றேன்.

ஒரு விஷயத்துல மட்டும் விளையாட்டு வேண்டாம். என்னைப் பார்த்துட்டு எங்க மாமா ஒருத்தர் சோத்தைப் பாதியாக் குறைச்சார். நல்லதுதான். ஆனா சர்க்கரை மாத்திரையைப் பழைய அளவுலயே போட்டுகிட்டு வந்தார். ஒரு நாள் மடைக்குப் பக்கத்துல கண்ணு இருட்டி, வேர்த்துக் கொட்டிச் சாய்ஞ்சுட்டார். நல்ல வேளை பக்கத்துல ஆள் இருந்துச்சு, கருப்பட்டியை வாயில வெச்சு எழுப்பினோம். இன்சுலினோ, கிளிமிபிரைடு மாதிரி மாத்திரையோ எடுக்கிறவங்க சோத்தைக் குறைக்கிறதுக்கு முன்னாடி டாக்டர்கிட்ட சொல்லி மருந்தளவையும் சேர்த்து மாத்திக்கணும். சிறுநீரகக் கோளாறு இருக்கிறவங்க புரதத்தைக் கூட்டுறதுக்கு முன்னாடியும் அப்படித்தான்.

அம்மா விஷயம் எப்படி முடிஞ்சுதுன்னு கேட்பீங்க. இந்தத் தடவை அவங்ககிட்டயே கரண்டியைக் கொடுத்துட்டேன். "எனக்கு ரெண்டு கரண்டிதான், ஆனா நீங்கதான் போடணும்"னேன். சின்னத் தட்டா மாத்தினதும் அவங்கதான். அப்பாவோட கால் அவங்களுக்கும் ஞாபகம் இருக்கே. இருந்தாலும் மீன் குழம்பு அன்னைக்கு "இன்னும் ஒரு வாய் போட்டுக்கப்பா"ன்னு மூணாவது கரண்டி வந்துடும். வந்துட்டுப் போகட்டும்.

மனசை உறுத்துறது ஒண்ணு இருக்கு. என் வயலுக்குக் களை எடுக்க வர்ற அக்காமார்கிட்ட இதையெல்லாம் என்னால சொல்ல முடியலை. 2011லேர்ந்து ரேஷன்ல அரிசி இலவசம். அந்த அரிசி எத்தனை வீட்டுப் பட்டினியைப் போக்கிச்சுன்னு எனக்குத் தெரியும், அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனா முட்டையைக் காசு கொடுத்துதான் வாங்கணும். மெஷின் வந்ததுல அவங்களுக்கும் வேலை நாள் குறைஞ்சு போச்சு, அவங்கள்லயும் நாலைஞ்சு பேர் சர்க்கரை மாத்திரை போடுறாங்க. முட்டை சாப்பிடுங்க அக்கான்னு சொல்லிட்டு எத்தனை ரூபாய் கூலி கொடுக்கிறேன்னு என்னையே கேட்டுக்க வேண்டியிருக்கு. ரேஷன்ல துவரம்பருப்பு கொடுக்கிற மாதிரி உளுந்து, பாசிப்பயறையும் மாசாமாசம் கொடுத்து, அதை எங்ககிட்டயே கொள்முதல் பண்ணினா அவங்களுக்கும் எங்களுக்கும் ஒண்ணா வழி பிறக்கும்.

ஏன்னா, எல்லாரும் சோத்தைக் குறைச்சா உன் நெல்லை யார் வாங்குவாங்கன்னு வீட்டுக்காரம்மா கேட்குறதுக்கு என்கிட்ட இருக்கிற பதில் அந்த உளுந்துதான். எங்க டெல்டாவுல சம்பா, தாளடி அறுப்புக்கு ஒரு வாரம், பத்து நாள் முன்னாடி, நிக்கிற கதிருக்குள்ளயே உளுந்தையோ பயறையோ தெளிச்சு விடுவோம். வயல்ல மிச்சம் இருக்கிற ஈரத்துலயே முளைச்சு, பனியைக் குடிச்சே வளர்ந்துடும். தண்ணி பாய்ச்சற செலவே கிடையாது. ஆளு வெச்சு அறுத்த காலத்துல இது எல்லா வயல்லயும் இருந்துச்சு. பெல்ட் வண்டி வந்ததும் அறுக்கிறப்பவே முளைச்ச பயிரை நசுக்கிடுது, அதனால பாதிப் பேர் தெளிக்கறதையே விட்டுட்டாங்க. நம்ம தட்டுல சோத்துக்குப் பக்கத்துல இருக்க வேண்டியது வயல்லயும் நெல்லுக்குப் பக்கத்துலதான் இருந்துச்சு.

இந்த வருஷம் ஒரு ஏக்கரை மட்டும் ஆள் வெச்சே அறுக்கப் போறேன். செலவு கூடத்தான் ஆகும். களை எடுக்கிற அக்காமார்கிட்ட இப்பவே சொல்லி வெச்சாச்சு, கூலியோட ஆளுக்கு நாலு படி உளுந்தும்னு பேச்சு. விதைக்கு ஆடுதுறை 3 எடுத்து வெச்சிருக்கேன்.

சென்னைத் தம்பிக்கு ரெண்டு நாள் கழிச்சு நானே போன் போட்டேன். 25 கிலோ கேட்டவருக்கு 10 கிலோ அரிசியும், போன வருஷத்து உளுந்து 3 கிலோவும் அனுப்பியிருக்கேன். "உளுந்தை வெச்சு என்னண்ணே பண்றது?"ன்னார். வீட்டுக்காரம்மா போனை வாங்கி, அடைக்கு எவ்வளவு பருப்பு, எவ்வளவு அரிசின்னு கால் மணி நேரம் சொல்லிகிட்டிருந்தாங்க. மிச்சம் ரெண்டரை மூட்டை மாப்பிள்ளைச் சம்பா இருக்கு. வேணும்கிறவங்க சொல்லுங்க, ஆளுக்கு மாசம் ரெண்டு கிலோ கணக்குலதான் கொடுப்பேன். புது உளுந்து மாசி கடைசியில வரும்.